நாற்பத்தொரு காலைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் குடிநீர் நிலையத்து ஆய்வக முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் பிரித்துப் படித்துவிட்டு நாட்டாமை பண்ண உட்கார்ந்துவிடுவான். மூன்று வாரமாக நான் போன் செய்யும்போதெல்லாம் "அண்ணி வேலையா இருக்கா" என்கிறான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. பின்னால் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் கேட்டது விளையாட்டாகத்தான். ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தினமும் காலையில் ஏரித் தண்ணீரைச் சோதித்து, பதிவேட்டில் பதினோரு கட்டங்களை நிரப்புகிறீர்கள்: நிறம், வாடை, கலங்கல், வெப்பம், முந்தைய நாள் மழை என்று. கடைசியில், ஊருக்குத் தண்ணீர் விடலாமா என்று ஒரு வார்த்தை எழுதுகிறீர்கள். ஒன்று "விடு", இல்லையென்றால் "நிறுத்து". ஆறு வருடப் பதிவேட்டை நான் படம் பிடித்துக்கொண்டு வந்து கணினிக்குள் ஏற்றினேன். என் ஆராய்ச்சியே இதுதான்: ஒரு மனிதர் எடுத்த முடிவுகளைப் பார்த்து இயந்திரம் விதிகளைக் கற்றுக்கொள்வது. அதுவும் ஒரேயடியாக இல்லை, நாளுக்கு ஒரு வரியாக.

அதில் நாற்பத்தொரு நாள் இடித்தது. பதினோரு கட்டமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் நாட்களில் ஒரு நாள் "விடு", இன்னொரு நாள் "நிறுத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் "காசு சுண்டிப் பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டேன். அண்ணன் புரையேறச் சிரித்தான். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனீர்கள். மறுநாள் காலை வண்டியேறும்போதும் வெளியே வரவில்லை.

கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த எட்டு வருடத்தில் நீங்கள் ஒருநாள்கூட என்னை நாத்தனாராக நடத்தியதில்லை. அதனால்தான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த நாற்பத்தொரு நாளும் எழுத்துப் பிழை, தூக்கிப் போடு என்கிறார் என் பேராசிரியர் மேடம். போட்டால் கணக்கு பளபளவென்று வந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

வாலு


மார்ச் 15

ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிவி சத்தம் கூடியது உண்மை. அதில் நல்ல நிகழ்ச்சி ஓடியது.

நீ சுண்டின காசைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. கோபம் வேறு இரண்டு. பதிவேட்டைப் படம் எடுக்கும்போது, "எது கெடைச்சாலும் மொதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன் அண்ணி" என்று சொன்னாய். காட்டினாயா? என்னிடம் தனியாகக் கேட்க வேண்டியதை, உன் அண்ணன் வாயில் சோறு இருக்கும்போது கேட்டாய். இரண்டாவது, அதே மேஜையில், பதினோரு கட்டத்தில் ஐந்து போதும், மீதி ஆறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றாய். அந்த ஆறு கட்டத்தையும் நான் பதினெட்டு வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். குளிரில் விரல் மரத்துப்போய் ஏரியில் வெப்பமானியை விட்டு எழுதிய எண்கள் அவை.

கடிதம் வந்த பிறகு அந்த நாற்பத்தொரு தேதிகளையும் எடுத்துப் பார்த்தேன். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். தினமும் எட்டு மணிக்கு மதகடியில் எடுத்த ஒரு பாட்டில் மாதிரி பெரிய ஆய்வகத்துக்கும் போகும். பாசி விஷம் இருக்கிறதா என்று அவர்கள் சொல்ல இரண்டு நாள் ஆகும். ஊர் அதுவரை குழாயைத் திறக்காமல் இருக்காது. அதனால்தான் காலையில் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்தக் கோப்பைப் பிரித்தேன். நான் நிறுத்திய பத்தொன்பது நாளில் பதினேழு நாள் விஷம் இருந்திருக்கிறது. நான் விட்ட இருபத்திரண்டு நாளும் சுத்தம். காசு சுண்டினால் இப்படி விழுமா?

ஆனால் உன் கேள்விக்குப் பதில் கேட்டால், என்னிடம் இல்லை. ஏன் அன்று நிறுத்தினேன், ஏன் அதே மாதிரி இன்னொரு நாள் விட்டேன்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. இதை உன்னிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை என்பதையும் தெரிந்துகொள்.

இங்கு ஒரு தலைவலி கிளம்பியிருக்கிறது. உன் அண்ணன் பெருமை பேசிப் பேசி, எங்கள் பெரிய இன்ஜினியர் காது வரை விஷயம் போய்விட்டது. "அந்தப் பொண்ணு புரோகிராமை இங்க வாங்கிப் போட்டுடலாமே" என்கிறார்.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொன்ன இரண்டும் நியாயம். முதலில் உங்களிடம்தான் காட்டியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள். இதில் "ஆனால்" எதுவும் இல்லை.

பத்தொன்பதில் பதினேழு! இதை வைத்துக்கொண்டா மூன்று வாரம் டிவி பார்த்தீர்கள்?

நான் செய்வது என்ன என்று இந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தோராயக் கணம் என்று ஒரு கணக்கு முறை. ஒரே மாதிரி தெரியும் நாட்களையெல்லாம் ஒரு கொத்தாகக் கட்டு. கொத்து முழுக்க "விடு" என்றால் அது நிச்சயம். முழுக்க "நிறுத்து" என்றால் அதுவும் நிச்சயம். இரண்டும் கலந்திருந்தால் அதை எந்தப் பக்கமும் தள்ளாதே, எல்லையில் வை. "தெரியவில்லை" என்று நேர்மையாகச் சொல். மற்ற முறைகள் எல்லாம் எப்படியாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இது சாயாது. எனக்கு இது பிடித்ததே அதனால்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் உங்களைக் கேலி செய்தேன் பாருங்கள். இரண்டு நாட்கள் ஒன்றாகத் தெரிந்தால் அவை ஒன்றாக இருந்தன என்று அர்த்தம் இல்லை. பிரித்துப் பார்க்க நம்மிடம் கட்டம் போதவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் வேறு எதையோ பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பதிவேட்டில் இடம் இல்லை.

மேடத்திடம் போய், நாற்பத்தொரு நாளையும் தூக்கிப் போட மாட்டேன் என்று சொன்னேன். "அப்படின்னா உன் அண்ணி என்ன பாத்தாங்கன்னு கண்டுபிடி. ஜூலைக்குள்ள. இல்லைன்னா தூக்கிப் போட்டுட்டு ஆய்வேட்டைக் குடு" என்றார். இனிமேல் உங்கள் தீர்ப்பை விடையாக வைக்காமல், பெரிய ஆய்வகத்தின் முடிவையே விடையாக வைக்கப்போகிறேன். கோப்பைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? இந்த முறை எது கிடைத்தாலும் முதலில் உங்களுக்கு.

ஒரு வேண்டுகோள். காலையில் வந்ததிலிருந்து கையெழுத்துப் போடும் வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். டீ குடித்தால் அதையும்.

வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள வாலு,

கோப்பின் படங்கள் தனியாக வந்திருக்கும்.

நீ கேட்டபடி பத்து நாள் எழுதினேன். வருகிறேன், செருப்பை மாற்றுகிறேன், பாட்டில்களைக் கழுவுகிறேன், டீ, மாதிரி, சோதனை, எழுத்து, கையெழுத்து. இதில் ஒன்றும் இல்லை. உன்னை ஏமாற்றப்போகிறேனே என்று எனக்கே சங்கடமாகிவிட்டது.

அப்புறம் ஆய்வகக் கூரை ஒழுக ஆரம்பித்தது. மராமத்து முடியும் வரை எங்களைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். பழைய பம்புகள் அடுக்கி வைத்திருந்த இடம், ஜன்னல் கிடையாது. எல்லாக் கருவிகளும் வந்துவிட்டன, எல்லாக் கட்டத்தையும் வழக்கம்போல நிரப்பினேன். ஆனால் கடைசி வார்த்தை எழுதப் போனால் கை நிற்கிறது. பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். எனக்கே என் மேல் எரிச்சல்.

எங்கள் உதவியாளர் ரேடியோவை உனக்கு ஞாபகம் இருக்கும். வாய் மூடாமல் பேசுவாளே, அவள்தான். அவள் நாலாம் நாள் கேட்டாள்.

"மேடம், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏன்?"

"இல்ல, தெனமும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மொட்டைமாடிக்கு ஏறி இறங்குறீங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

நான் மாடிக்குப் போவதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் போகும்போது என்னையே கவனித்தேன். மாடிச் சுவரில் கை வைத்து ஏரியைப் பார்க்கிறேன். ஏரிக்குள் தண்ணீர் எடுக்கும் கோபுரம் இருக்கிறதல்லவா, அதன் காலடியில் சிற்றலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறேன். காற்று கோபுரத்தைப் பார்த்து அடித்தால், ஏரி முழுக்க மிதக்கும் பாசி மெல்ல நகர்ந்து அங்கே ஒதுங்கும். எதிர்ப்பக்கம் அடித்தால் விலகிப்போகும். ஆறு மணிக்கு நான் மொண்ட பாட்டிலில் அது தெரியாது. எட்டு மணிக்கு மதகு திறக்கும்போதுதான் வந்து சேரும்.

முன்பக்க ஆய்வகத்தில் என் மேஜைக்கு நேரே ஜன்னல். பதினெட்டு வருடம் தலையைத் தூக்கினால் அந்தக் கோபுரம். நான் பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் பன்னிரண்டாவது கட்டம் போட்டுவிட்டேன். "காற்று." பழைய வருடங்களுக்கு என்ன செய்வாய் என்று தெரியவில்லை.

உன் அண்ணன் நலம். நான் உனக்கு எழுதுவதைக் கண்டுபிடித்துவிட்டார். "என்னைப் பத்தி என்ன எழுதுற?" என்று நாளுக்கு ஒருமுறை கேட்கிறார்.

அண்ணி


மே 6

அண்ணி! அண்ணி!

காற்று கிடைத்துவிட்டது. வானிலை அலுவலகத்தில் ஆறு வருடத்துக்கும் காலைக் காற்றின் திசை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த அலுவலர், "இதை யாரும் கேட்டு வந்ததே இல்லம்மா" என்று எனக்கு நாற்காலியெல்லாம் போட்டார். நாலு நாள் உட்கார்ந்து எடுத்தேன்.

பன்னிரண்டாவது கட்டத்தைச் சேர்த்து ஓடவிட்டேன். எல்லையில் இருந்த நாற்பத்தொரு நாள் இப்போது ஏழு. முப்பத்து நாலு நாள் தானாகவே அதனதன் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "உன் அண்ணி எங்க படிச்சாங்க?" என்று கேட்டார். எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். வேண்டாம் என்று நான் ஒதுக்கிய ஆறு கட்டத்தில் ஒன்று மறுபடி உள்ளே வந்துவிட்டது. வெப்பம். தனியாக இருந்தபோது அது எதையும் பிரித்துக் காட்டவில்லை. காற்று வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டது. விரல் மரத்துப்போக நீங்கள் எழுதிய எண்கள் இல்லையென்றால் ஏழு வந்திருக்காது, பத்தொன்பதில் நின்றிருக்கும்.

புரோகிராமை அனுப்பியிருக்கிறேன். ஆய்வகத்தின் பழைய கணினியிலேயே ஓடும். காலையில் நீங்கள் கட்டங்களை நிரப்பினால் அது தன் கருத்தைச் சொல்லும். இரண்டு நாள் கழித்துப் பெரிய ஆய்வகத்தின் முடிவு வந்ததும் அதையும் போடுங்கள். அன்றைய நாள் எந்தக் கொத்தோ அதை மட்டும் திறந்து திருத்திக்கொள்ளும். ஆறு வருடத்தையும் முதலிலிருந்து படிக்காது.

உங்கள் இன்ஜினியர் எனக்கு போன் செய்தார். "தெரியலைன்னு சொல்ற மெஷின் எனக்கு எதுக்கும்மா? தெரியலைன்னு சொல்ல என்கிட்ட ஆளுங்க இருக்காங்க. ரெண்டே பதில் சொல்ற மாதிரி மாத்திக் குடு, பயன்படுத்துறோம்னு லெட்டர் தர்றேன்" என்றார். அந்த லெட்டர் இருந்தால் என் ஆய்வேட்டுக்குப் பெரிய பலம். மாற்றுவதும் அரை மணி நேர வேலை. எந்தப் பக்கம் எண்ணிக்கை அதிகமோ அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டியதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாலு


மே 29

அன்புள்ள வாலு,

இன்ஜினியருக்கு நீ ஒன்றும் சொல்லாமல் விட்டது நல்லது. அவரிடம் நான் பேசினேன். "சார், மூணு மாசம் அது எப்படி இருக்கோ அப்படியே ஓடட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார்.

உன் புரோகிராமுக்கு ரேடியோ "சின்ன மேடம்" என்று பெயர் வைத்திருக்கிறாள். முதல் இரண்டு வாரம் சின்ன மேடமும் நானும் ஒருநாள்கூட முரண்படவில்லை. எனக்கு லேசாகத் தலைக்கனம்கூட வந்தது.

இருபத்திரண்டாம் தேதி காலை. வெயில், கதகதப்பான தண்ணீர், காற்று நேராகக் கோபுரத்தைப் பார்த்து. சின்ன மேடம் "நிறுத்து, நிச்சயம்" என்றது. எனக்கும் துளி சந்தேகம் இல்லை. நிறுத்தினேன். நிறுத்து என்றால் ஊருக்கு அன்று பழைய கிணறுகளிலிருந்து பாதித் தண்ணீர்தான். பத்து மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு அம்மா, குழந்தைக்குத் தலை முழுக்கச் சோப்பு, தண்ணீர் நின்றுவிட்டது என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். சொன்னதெல்லாம் நியாயம்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சுத்தம். விஷம் துளியும் இல்லை.

இன்ஜினியர் என் மேஜைக்கே வந்து, "ரெண்டு பேரும் சேர்ந்தே தப்பு பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

முடிவைக் கணினியில் போட உட்கார்ந்தபோது ரேடியோ குனிந்து மெதுவாக, "ஒரே ஒரு நாள் மேடம். போடாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது? சின்ன மேடம் பேரு கெடாது, வாலுவோட பரீட்சையும் நல்லா நடக்கும்" என்றாள். உன் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னாள். ஒரு நிமிடம் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நீ நாற்பத்தொரு நாளைத் தூக்கிப் போடாமல் இருந்ததை நினைத்தேன். போட்டுவிட்டேன். இதனால் உன் கணக்கு எவ்வளவு கெட்டது என்று எழுது.

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கெடவில்லை. வந்து ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாள் எந்தக் கொத்தில் விழுந்ததோ அதில் ஏற்கெனவே எட்டு நாள் இருந்தது. எட்டும் "நிறுத்து". இப்போது ஒன்பதாவதாகச் சுத்தமான ஒரு நாள் சேர்ந்ததும் அந்தக் கொத்தின் நிச்சயம் போய்விட்டது. ஒன்பதும் எல்லைக்கு வந்துவிட்டது. ஏழாக இருந்தது பதினாறு. மற்ற இருநூற்றுச் சொச்ச விதிகளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கண் சிமிட்டும் நேரத்தில் திருத்தம் முடிந்தது. அதே திருத்தத்தை எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும் பழைய முறையில் செய்து பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டின் விடையும் ஒன்றுதான்.

மூன்று வருடமாக என் முறை வேலை செய்யும் என்று காட்ட, நானே செயற்கையாகத் தவறான நாட்களை உருவாக்கிக்கொண்டிருந்தேன். நிஜமான ஒரு தவறு, நிஜமான ஒரு ஏரியிலிருந்து, இப்போதுதான் வந்தது. மேடம் அதற்குத் தனி அத்தியாயமே எழுதச் சொல்லிவிட்டார். ரேடியோ அக்காவிடம் சொல்லுங்கள், பரீட்சை இனிமேல்தான் நன்றாக நடக்கும்.

இன்ஜினியருக்கு நானே எழுதிவிட்டேன். இரண்டு பதில் சொல்லும்படி மாற்றித் தர முடியாது, லெட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று. தபால் பெட்டியில் போட்டதும் நிம்மதியாக இருந்தது.

வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை.

வாலு


ஜூலை 19

அன்புள்ள வாலு,

கூரை வேலை முடிந்து முன்பக்கத்துக்கே வந்துவிட்டோம். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னலுக்கு நேரே மேஜை போட்டாயிற்று.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் தேதி காலை சின்ன மேடம் "தெரியவில்லை" என்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காற்று அசையவே இல்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் இப்படி எத்தனையோ காலை இருந்திருக்கும். ஆனால் பதிவேட்டில் எழுத இரண்டு வார்த்தைதான் உண்டு என்பதால் ஏதாவது ஒன்றை எழுதி அதையே நம்பியிருப்பேன். அன்று நேராக இன்ஜினியர் அறைக்குப் போனேன்.

"சார், இன்னைக்கு எனக்குத் தெரியலை."

"மெஷின் என்ன சொல்லுது?"

"அதுக்கும் தெரியலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலைன்னா ஊருக்குத் தண்ணி விடுறதா, வேண்டாமா?"

"தெரியாததை ஊருக்குக் குடிக்கக் குடுக்க வேண்டாம் சார். ஒரு நாள் கிணத்துத் தண்ணி விடுவோம். மாதிரியை ஆள் கையில குடுத்து அனுப்புவோம். அவசரம்னு சொன்னா சாயங்காலமே பதில் வரும்."

ரேடியோதான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிருந்தே போன் செய்தாள். விஷம் இருக்கிறதாம், அனுமதித்த அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேலேயாம்.

இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் குடியிருப்பு நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் விடும் தண்ணீர் முதலில் அவர் வீட்டுக் குழாயில்தான் வரும். "நான் கேட்ட மாதிரி ரெண்டு பதில் மெஷினா இருந்தா இன்னைக்கு என்ன சொல்லியிருக்கும்?" என்று கேட்டார்.

"அந்தக் கொத்துல அஞ்சு நாள் இருக்கு சார். மூணு சுத்தம், ரெண்டு விஷம். விடுன்னு சொல்லியிருக்கும்."

நேற்று அச்சகத்திலிருந்து புதிய பதிவேடு வந்தது. பன்னிரண்டு கட்டம், "காற்று" அச்செழுத்தில். முடிவு எழுதும் இடத்தில் மூன்று வார்த்தை: விடு, நிறுத்து, தெரியவில்லை. கீழே அவர் கையெழுத்து. உனக்கான லெட்டரையும் தானாகவே எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறார். பிரித்துப் பார்க்கவில்லை, நேரில் தருகிறேன்.

ஆம், நேரில்தான். ஆகஸ்ட் முதல் வாரம் நாலு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட ரேடியோவுக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள், அவ்வளவு பயம். எனக்கு அவள் மேல் நம்பிக்கை இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் வந்து சேர்வோம். உன் அறையில் ஒரே ஒரு கட்டில்தான் என்று உன் அண்ணன் கவலைப்பட்டார். நாம் இருவரும் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், அவருக்குத் தரை போதும் என்று சொல்லியிருக்கிறேன். "பரீட்சைக்குப் போறவ நல்லா தூங்கணும்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். தலையணை மட்டும் தனக்கு வேண்டுமாம், இங்கிருந்தே கட்டி எடுத்துவைத்துவிட்டார்.

உன்
அண்ணி